நூற்கட்டை என்று ஒதுக்கப்பட்ட புரதம்

நேற்று உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், கண்ணுக்கும் ஈரலுக்கும் ஒரே டி.என்.ஏ தானே, பிறகு எப்படி ரெண்டும் வேற வேறயா இருக்கு?" மணி அடித்துவிட்டது. இங்கே எழுதுகிறேன், பெற்றோரும் வாசியுங்கள்.

நமது ஒரு கலத்திலுள்ள டி.என்.ஏயை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், கட்டையில் நூல் சுற்றியது போல் சுற்றியிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்தது ஒரு கட்டை. இதை 1974 இல் ரோஜர் கோர்ன்பேர்க் விளக்கினார். கட்டை வெறும் கட்டைதான், பரம்பரையலகுகளை இயக்குவதில் அதற்குப் பங்கில்லை என்றே பலர் நினைத்தார்கள். ஹிஸ்டோனில் ஏற்படும் சிறு இரசாயன மாற்றங்களுக்கு அதில் பங்கிருக்கலாம் என்று வின்சென்ட் ஓல்ஃப்ரி 1964 இலேயே சொல்லியிருந்தார். உயிருள்ள கலத்தில் அதைக் காட்டத்தான் வழியில்லை.

வழி கண்டவர் மைக்கேல் கிரன்ஸ்டைன். 1946 இல் ருமேனியாவில், நாஸிக் கொடுமையிலிருந்து தப்பிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். கனடாவில் வளர்ந்து, லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் அமைத்தார். அவர் எடுத்துக்கொண்டது மதுவம். நாம் பாணுக்கும் அப்ப மாவுக்கும் போடும் அதே ஈஸ்ட்தான்!

ஏன் மதுவம்? மனிதக் கலத்தில் ஒவ்வொரு ஹிஸ்டோனுக்கும் பல பிரதிகள் உண்டு. ஒன்றை அழித்தால் மற்றது வேலை செய்யும். மதுவத்தில் இரண்டே இரண்டு. ஆனால் இரண்டையும் அழித்தால் மதுவம் செத்துவிடும். அதனால் எச்4 என்ற ஹிஸ்டோனின் இரண்டு பிரதிகளையும் நீக்கிவிட்டு, கலக்டோசு வெல்லம் இருந்தால் மட்டும் இயங்கும் ஒரு பிரதியை உள்ளே வைத்தார்கள். வெல்லத்தைக் குளுக்கோசாக மாற்றினால் எச்4 உற்பத்தி நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓர் உயிரின் உள்ளே சுவிச் வைத்து, அதை வெளியிலிருந்து வெல்லத்தால் அழுத்துகிறார்கள்.

1988 இல் மின் ஹானும் கிரன்ஸ்டைனும் முடிவை வெளியிட்டார்கள். மதுவத்தில் போ5 என்றொரு பரம்பரையலகு உண்டு. பொசுபேற்று பற்றாதபோதுதான் அது விழிக்கும். எச்4 குறைந்து கட்டைகள் கழன்றதும், பொசுபேற்று தாராளமாக இருக்கும்போதே அது இயங்கத் தொடங்கியது. அப்படியானால் அதுவரை அதை அடக்கி வைத்திருந்தது அந்தக் கட்டைதான்.

கண்ணிலும் ஈரலிலும் நூல் ஒன்றுதான். எந்த இடம் இறுகியிருக்கிறது, எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்பதிலேயே பெரிய வித்தியாசம்.

2018 இல் டேவிட் அலிஸுடன் சேர்த்து அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 2024 இல் காலமானார். கேட்ட பிள்ளைக்கு: ஹிஸ்டோனின் வால் பகுதி என்ன செய்கிறது என்பதைப் புதன்கிழமை முதலாம் பாடவேளையில் பார்ப்போம், கொப்பியோடு வாங்கோ.