பெயரளவில் ஓநாய்

2025 ஏப்ரலில் உலகப் பத்திரிகைகள் பலவும் ஒரே தலைப்பைத்தான் பலவாறு மாற்றி வெளியிட்டன: அழிந்துபோன 'கொடிய ஓநாய்' மீண்டும் பிறந்துவிட்டது! தலைப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். ஆதலால் செய்தியைவிட அப்பெயரின் வரலாறே என்னை ஈர்த்தது.

1854இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், எவன்ஸ்வில் நகரருகே ஒகாயோ ஆற்றங்கரையில் ஒரு தாடையெலும்பு அகப்பட்டது. அதனை ஆராய்ந்த ஜோசப் லெய்டி முதலில் 'கனிஸ் பிரைமீவஸ்' என்று பெயரிட்டார். அப்பெயரோ ஆசியச் செந்நாய்க்கு ஏற்கெனவே சூட்டப்பட்டிருந்தது. ஈற்றில், 1858இல், 'கனிஸ் டைரஸ்' ஆயிற்று. கனிஸ் என்பது நாயும் ஓநாயும் அடங்கிய பேரினம். எலும்பு ஓநாயினதை ஒத்திருந்தது. எனவே விலங்கும் ஓநாயாகிவிட்டது. 1918இல் ஜோன் மெரியம் இதற்கு 'ஈனோசயன்', அதாவது 'பயங்கர நாய்', என்னும் தனிப்பெயரை முன்வைத்தார். பிற்காலத்தவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மெரியம் எலும்புகளுக்குப் பஞ்சமில்லாத இடத்தில் ஆராய்ந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸின் லா பிரெயாவில் நிலத்திலிருந்து தார் கசிகிறது. அதில் சிக்கிய காட்டெருமையின் கதறல் கேட்டு ஓடிவந்த வேட்டை விலங்குகளும் சிக்கின. அவ்வாறு மாண்ட கொடிய ஓநாய்கள் மட்டும் 4,000க்கு மேல். அங்குள்ள அருங்காட்சியகத்தின் சுவரொன்றில் 404 மண்டையோடுகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன.

ஆனால், எலும்பைக் காத்த தாரிலிருந்து டி.என்.ஏ. கிடைக்கவில்லை! 2021இல் வெளியான ஆய்வுக்குக் கைகொடுத்தவை வேறிடங்களில் கிடைத்த 5 மாதிரிகளே. இவ்விலங்கின் மூதாதையர் ஏறத்தாழ 57 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டனர் என அவ்வாய்வு கணித்தது. ஒரேவிதமான வாழ்க்கை ஒரேவிதமான உடலைத் தந்திருக்கிறது, உறவன்று. 103 ஆண்டுகளின் பின் மெரியத்தின் பெயர் மீண்டது.

இனி அந்தக் குட்டிகள். கொலோசல் நிறுவனம் சாம்பல் ஓநாயின் உயிரணுவில், 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்து, மூன்று வெண்குட்டிகளைப் பிறப்பித்தது. வியத்தகு சாதனைதான், மறுக்கவில்லை. எனினும், இவை கொடிய ஓநாய்களல்ல என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாயின வல்லுநர் குழு அதே மாதத்தில் அறிவித்தது. அவ்வறிவிப்பு உட்பக்கங்களில் ஒற்றைப் பத்தியாக வந்தாலே பெரிது.

நான் ஆசிரிய பீடத்தில் இருந்திருந்தால், 'மரபணு மாற்றப்பட்ட மூன்று சாம்பல் ஓநாய்க் குட்டிகள்' என்றே தலைப்பிட்டிருப்பேன். விநியோகப் பகுதியினர் மறுநாட் காலையே சண்டைக்கு வந்திருப்பார்கள்.