மாத்தளைத் தோட்டங்களின் குடித்தொகையும் பொருளாதாரமும்

ஒரு பிரதேசத்தின் குடித்தொகையைப் பிறப்பும் இறப்பும் மட்டும் நிருணயிப்பதில்லை; பயிரும் சட்டமும் நிருணயிக்கும் என்பதற்கு மாத்தளை மாவட்டத் தோட்டத் தமிழர் வரலாறு சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களை நாடிய தமிழகத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளையூடாகக் கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியில் நோயால் மடிந்தோர் பலர். கோப்பிக்குப் பறிப்புக் காலத்திலேயே பெருந்தொகையினர் தேவைப்பட்டமையால், அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. 1880இல் கண்டி-மாத்தளைப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது அப்பயிர் வீழ்ச்சியுற்றுக்கொண்டிருந்தது. அதன் இடத்தைப் பெற்ற தேயிலையும் றப்பரும் ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டின. எனவே குடும்பங்கள் லயன்களில் நிலைகொண்டன.

நிலைகொண்டோரின் உரிமையை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோருள் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களை அடுத்து, மாத்தளை உள்ளிட்ட இடைநாட்டில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. வேலையிழந்தோரிற் பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். 1971இல் இலங்கை முழுவதிலும் பதினொன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981இல் ஏறத்தாழ 818,000 ஆகக் குறைந்தது. நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

ஆதலின், மாத்தளையின் குடிசன மதிப்பீட்டை ஆராய்வோர் தோட்டக் கணக்கையும் சட்டநூலையும் அதனுடன் சேர்த்துப் படித்தல் வேண்டும். இல்லையேல், அனுப்பப்பட்ட மனிதர் அட்டவணையில் வெறும் வீழ்ச்சி வீதமாகவே எஞ்சுவர்.