ஆரணிப் பட்டும் காட்டுக்கோழி இறகும்

எங்க ஊர் ஆரணியில் தறிக்குப் பக்கத்தில் எப்போதும் துண்டுப் பட்டு நூல் கிடக்கும். அந்த மாதிரி ஒரு முழ நூலை வைத்து இங்கிலாந்தில் மீன் பிடித்திருக்கிறார்கள் என்றால் நம்புவீங்களா?

யார்க்‌ஷயர் ஆறுகளில் ட்ரவுட் மீனுக்குக் கட்டிய பொய்ப்பூச்சி ரொம்ப எளிமை. மெழுகு தடவிய மெல்லிய பட்டு நூலைத் தூண்டில் முள்ளில் சுற்றினால் உடம்பு. தலைப்பக்கம் கவுதாரி இறகை ஓரிரு சுற்று சுற்றினால் கால்கள். மெத்தென்ற இறகு நீரோட்டத்தில் அசையும், மீன் ஏமாறும். பட்டு நனைந்தால் நிறம் கருக்கும். அதனால் நூலை நனைத்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்யணும். 1885-இல் டி. இ. பிரிட் இந்தப் பூச்சிகளைப் படங்களோடு புத்தகமாக்கினார்.

சால்மன் மீனுக்குக் கட்டியது வேற கதை. அதன் இரு பக்கமும் ஒட்டவைக்க, அரக்குப் பொட்டு வைத்தது போன்ற கழுத்திறகு கேட்டார்கள். அது நம்ம சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடையது. இந்தியாவைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத பறவை. இறகுக்காகவே அதைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தோலோடு கப்பலேற்றினார்கள். பிற்பாடு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இன்று 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல். பிரிட்டனில் இப்போது வளர்ப்புச் சேவல்களின் இறகைப் பயன்படுத்துகிறார்கள்.

மீன் அந்தப் பொட்டைக் கேட்டதா, மனுஷன் கேட்டானா? யார்க்‌ஷயர்க்காரருக்குச் சாப்பாட்டுக்குச் சுட்ட கவுதாரியும் ஒரு முழப் பட்டும் போதுமானதா இருந்தது. தறியடியில் துண்டு நூலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது.