முப்பது நாள் கருணை

1888. ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் தான் செய்த மோட்டார் வண்டியைத் தெருவில் ஓட்டினார். ஊர் ஜனங்களுக்கு ஒரே எரிச்சல். காதைப் பிளக்கும் சத்தம், மூக்கைத் துளைக்கும் நாற்றம். புகார் மேல் புகார். கடைசியில் மனுஷன் பாடன் சமஸ்தான அரசாங்கத்திடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்கவேண்டியதாயிற்று. உலகின் முதல் டிரைவிங் லைசென்ஸ் என்று அந்தக் காகிதத்தைத்தான் சொல்கிறார்கள்.

அந்த பென்ஸின் பெயர் 2012-ல் நம்ம ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தது, 'பாரத்பென்ஸ்' லாரிகளாக. லாரி வந்துவிட்டது. அதை ஓட்டுகிறவர் சட்டைப்பையில் இருக்கும் லைசென்ஸ்? அதற்கு ஆயுள் எத்தனை வருஷம்?

பிரிட்டனில் 1903-ல் சட்டம் போட்டார்கள். ஐந்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கையில். டெஸ்ட் கிடையாது, எட்டு போடவேண்டாம். ஆனால் வருஷாவருஷம் புதுப்பிக்கவேண்டும். திறமையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஓட்டுகிறவர் யார் என்று தெரியவேண்டும், கஜானாவுக்குக் காசு வரவேண்டும். அவ்வளவுதான்! கட்டாய டெஸ்ட் வந்ததே 1935-ல்தான். பிற்பாடு 1976-ல் மனம் இளகி, எழுபது வயதுவரை செல்லும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அப்புறம் 1939-ல் ஒன்று. பிறகு, 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த 1988-ம் வருஷச் சட்டம். சொந்த வண்டிக்காரர்களிடம் இது தாராளமாக நடந்துகொண்டது. இருபது வருஷம் அல்லது நாற்பது வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். 1994-ல் அந்த நாற்பதை ஐம்பதாக்கினார்கள். ஆனால் பஸ், லாரி என்று பிழைப்புக்காக ஸ்டியரிங் பிடிப்பவருக்கு மூன்றே வருஷம்.

கூடவே ஒரு கருணையும் இருந்தது. லைசென்ஸ் காலாவதியானாலும் மேலும் முப்பது நாள் செல்லும். பி.காம். படித்தவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். மாற்றுச் சீட்டுக்குத் தவணை முடிந்த பிறகும் மூன்று சலுகை நாள் உண்டு என்று 1881-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. மனிதன் மறப்பான் என்று சட்டத்துக்கும் தெரியும்!

அந்த முப்பது நாளின் அருமையை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய்ப் பார்த்தால் புரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் என்றால் டிரைவருக்கும் ஷிஃப்ட்தான். விடியற்காலை ஒரு பஸ் லோடு ஆட்களை இறக்கி, ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்களை ஏற்றவேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸோ பகலில்தான் திறந்திருக்கும். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவரைக் காப்பாற்றியது அந்த முப்பது நாள்தான்.

2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஒரு பக்கம் நல்லதும் செய்தது. தொழில்முறை டிரைவருக்கு மூன்று வருஷம் ஐந்தானது. அபாயகரமான சரக்கு ஏற்றுகிறவருக்கு மட்டும் மூன்று. சொந்த வண்டிக்கோ ஆயுள் குறைந்தது. முப்பது வயதுக்குள் வாங்கினால் நாற்பது வரை. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் பத்து வருஷம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றால் அறுபது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து வருஷம்.

காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டி ஒரு வருஷம் வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். அதற்கும் மேலே போனால் மறுபடி டெஸ்ட். பழைய சட்டத்தில் இதற்கு ஐந்து வருஷம் அவகாசம் இருந்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த ஒரு வருஷம் விண்ணப்பிக்கத்தானே தவிர, ஓட்டுவதற்கு இல்லை! 2019 திருத்தத்தின்படி, தேதி முடிந்த மறுநாள் வண்டி எடுத்தாலே லைசென்ஸ் இல்லாத கணக்குதான். அந்தக் குற்றத்துக்கு அபராதமும் 500-லிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது.

அபராதமாவது கட்டித் தொலைக்கலாம். விபத்து நடந்துவிட்டால்? இன்ஷூரன்ஸ் கம்பெனி புரட்டுகிற முதல் பக்கமே டிரைவரின் லைசென்ஸ்தான். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. கடன் வாங்கி ஒரே ஒரு வேன் ஓட்டுகிறவர் கதி என்னாகும்? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். பஸ், லாரி ஓட்டுகிறவர்களின் கார்டில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு, இன்னொன்று டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு. தள்ளி இருக்கிற தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. சோறு போடுவதோ பெரும்பாலும் கிட்டத்தில் முடிகிற தேதி. நாற்பது வயது தாண்டியவர்கள் டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் வைக்கவேண்டும். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் என்றால் எந்த வயதிலும் வேண்டும்.

கருணை நாட்களை 2019 திருத்தம் எடுத்துவிட்டது. ஆனால் தேதி முடிவதற்கு முன்னால் ஒரு முழு வருஷம் கையில் இருக்கிறது. முப்பது நாளைவிட அது பெரிசு. பர்ஸை எடுத்து கார்டை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.