நாளந்தாவில் முதற்பாடம்

இத்சிங் என்னும் சீனத் துறவி கி.பி. 671இல் கடல்வழியே இந்தியா நோக்கிப் புறப்பட்டார். இன்றைய பீகாரிலுள்ள நாளந்தாவில் பத்தாண்டுகள் தங்கிக் கற்றார். 692இல் ஸ்ரீவிஜயத்திலிருந்து அவர் தம் நாட்டிற்கு அனுப்பிய நூல் பல்துலக்கும் குச்சியையும் நீர்க்குடத்தையும் துவராடையையும்கூட விரிவாகப் பேசுகிறது. அதன்வழியே விகாரையின் ஒரு நாளை நாம் காண இயலும்.

மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பிக்குகள் வாழ்ந்த அவ்விடத்தில் காலத்தை அளந்தது நாழிகை வட்டில். நம் முன்னோர் கன்னல் என வழங்கியதும் இதனையே. செம்புப் பாத்திரத்து நீரில் ஊசித்துளையுடைய கிண்ணம் மிதக்கும். அது மூழ்குந்தோறும் முரசு ஒலிக்கும். நண்பகல் கடந்தால் பிக்குகளுக்கு உணவில்லை. வட்டிலைக் கண்காணித்தோர் சிறுவர். வட்டிலோடு மன்னர்கள் கொடையாக அளித்தவர்கள். அவர்தம் பெயர்களை இத்சிங் குறிக்கவில்லை.

இளந்துறவியாகிய சாமணேரர் இரவின் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் ஆசிரியரை அணுகிப் பாடம் கேட்பார். ஆசிரியரின் உடல் பிடித்துவிடுவார், ஆடை மடிப்பார், அறையும் முற்றமும் கூட்டுவார், நீரில் சிற்றுயிர் உளதா என நோக்கிய பின்னரே அதனை அளிப்பார். மாணவர் நோயுற்றாலோ, ஆசிரியர் பெற்ற மகனைப்போல் பேணி மருந்தூட்டுவார்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஐந்து சீலங்களையும் பத்துச் சீலங்களையும் ஒப்புவிக்கக் கற்றதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டவை மாத்ருசேடர் என்னும் கவிஞர் இயற்றிய புத்தர் துதிகள். பிற சூத்திரங்கள் அதன் பின்னரே. இதற்கு இத்சிங் ஆறு பயன்கள் கூறுகிறார்: புத்தர் குணங்களை அறிதல், செய்யுள் யாக்கும் முறை உணர்தல், மொழித்தூய்மை, நெஞ்சு விரிதல், அவையச்சம் நீங்கல், நோயற்ற நீள்வாழ்வு.

அத்தனை பேரும் ஓரிடத்தில் கூட இயலாமையால், மாலைதோறும் ஓதுவார் ஒருவர் கூடந்தோறும் சென்று துதி பாடுவார். தூபமும் மலரும் ஏந்திச் சிறுவர் முன்செல்வர்.

மாத்ருசேடரின் நூற்றைம்பது செய்யுள் துதியை இத்சிங் நாளந்தாவிலேயே சீனத்தில் பெயர்த்தார். பின்னாளில் நாளந்தா பாழடைந்தது. அத்துதியின் வடமொழிச் சுவடியை 1930களில் ராகுல் சாங்கிருத்தியாயன் திபெத்தில் கண்டெடுத்தார்.

இன்று நாம் இளையோர்க்குக் கவிதையை விளக்கத் தொடங்குகிறோம். அங்கோ முதலில் ஓத வைத்தனர். பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. பத்தாண்டு கண்ட நம் வட்டம், இனிவரும் இளையோரை வரவேற்கையில் இவ்வரிசையை எண்ணிப் பார்த்தல் நன்று.