நஞ்சை எப்படி பிளாட் ஆனது?

2011-ல் சென்னைக்கு வெளியே ஒரு மனை வாங்கினேன். "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார், பயப்படாதீங்க" என்றார் புரோக்கர். விலை குறைவு, நானும் பயப்படவில்லை. போன மாதம் பீரோவைச் சுத்தம் செய்யும்போது தாய்ப்பத்திரத்தைப் படித்தேன். அதில் என் மனை "நஞ்சை". நெல் விளைந்த நிலம் பிளாட் ஆக யார் அனுமதி கொடுத்தது என்று தேடியதில் கிடைத்தவை இவை.

சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. அடுத்த சில வருடங்களில் மாம்பலம் ஏரியை வடித்து தி.நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரிதான் இல்லை. ஆக, திட்டமிட்ட நகரமும் நிலத்தை விழுங்கத்தான் செய்தது. ஆனால் பதிலுக்கு அகலமான தெருக்களும் பனகல் பூங்காவும் கிடைத்தன.

1971-ல் புதிய சட்டம் வந்தது. அதன்பின் லேஅவுட் போட பெருநகர்ப் பகுதிக்குள் சி.எம்.டி.ஏ., வெளியே டி.டி.சி.பி. அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. பெரிய லேஅவுட் என்றால் சாலைகள் போக 10 சதவீத இடத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும். அனுமதியே வாங்காதவருக்கு அந்த இடமும் விற்பனைக்குத்தான். என் மனை ஏன் மலிவு என்று இப்போது புரிகிறதா?

சரி, சட்டம் இருந்தும் எப்படி நடந்தது? எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், சரிபார்ப்பு ஒரு சிஸ்டத்தில், பதிவு வேறு சிஸ்டத்தில். இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. அனுமதி இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிடும். வாங்குகிறவருக்கு அது போதும். மாஸ்டர் பிளான் வரைபடத்தில் விவசாய நிலம் பச்சையாகவே இருக்கும், வயலில் எல்லைக் கல் நட்டாகிவிடும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. அப்போதுதான் இரண்டு சிஸ்டமும் இணைந்தன. 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது: 20.10.2016-க்கு முன் பதிவானவற்றைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். நானும் கட்டினேன். என்னைப் போல் சேமிப்பை எல்லாம் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

இப்போது என் மனை சட்டப்படி சரி. ஆனால் எங்கள் லேஅவுட்டில் பூங்கா கிடையாது, கட்டணம் கட்டியதால் அது வந்துவிடவும் இல்லை. வீடும் இன்னும் கட்டவில்லை. பதினைந்து வருடமாக அங்கே நெல்லும் இல்லை, மனுஷனும் இல்லை, கருவேலம்தான். நகரம் தின்ற நிலக் கணக்கில் என் அரை கிரவுண்டும் உண்டு.