சுடுமணலும் குளிர்ந்த நீரும்

கோடை வெயில் கொளுத்தும் ஜூன் மாதம். பஞ்சாபிலும் தில்லியிலும் சாலையோரம் சீக்கிய இளைஞர்கள் நின்றுகொண்டு போகிற வருகிற வண்டிகளை நிறுத்துவார்கள். பஸ், லாரி, ரிக்‌ஷா எதுவானாலும் சரி. பால், தண்ணீர், சர்க்கரை, ரோஜா சிரப் கலந்து ஐஸ் போட்ட பானத்தை டம்ளரில் நீட்டுவார்கள். காசு கிடையாது. என்ன மதம் என்று கேட்பதும் கிடையாது. இதற்கு 'சபீல்' என்று பெயர்.

பார்ப்பதற்குத் தண்ணீர்ப் பந்தல் போலத்தான் இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் இருப்பது 400 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு மரணம்!

சீக்கியர்களின் 5-வது குரு அர்ஜன் (1563-1606). அமிர்தசரஸில் இன்று பொற்கோயில் என்று அழைக்கப்படும் ஹர்மந்திர் சாகிபைக் கட்டி முடித்தவர். குருமார்களின் பாடல்களைத் தொகுத்து 1604-ல் அங்கே வைத்தவரும் அவரே. நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், முஸ்லிம் ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களுக்கும் அந்நூலில் இடம் உண்டு.

1605-ல் ஜஹாங்கீர் முகலாயப் பேரரசர் ஆனார். அடுத்த ஆண்டே அவருடைய மகன் குஸ்ரூ கலகம் செய்தான். அவனுக்குக் குரு நெற்றியில் திலகமிட்டு வாழ்த்தினார் என்பது குற்றச்சாட்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் குருவை நாடிப் போனது ஏற்கெனவே தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் மறைக்கவில்லை. 1606-ல் லாகூரில் குரு கொல்லப்பட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டில் உட்கார வைத்து, தலையில் சுடுமணலைக் கொட்டினார்கள் என்கிறது சீக்கிய மரபு.

அத்தோடு சீக்கிய மதம் முடிந்துவிட்டதா? இல்லை. 11 வயது மகன் ஹர்கோபிந்த் குருவானார். இரண்டு வாள்களைத் தரித்தார். ஒன்று ஆன்மிகத்துக்கு, இன்னொன்று உலக வாழ்வுக்கு. ஹர்மந்திர் சாகிபுக்கு எதிரே அகால் தக்த் எழுந்தது. குரு அர்ஜனின் பேரன் குரு தேக் பகதூர் 1675-ல் தில்லியில் தலை வெட்டப்பட்டார். அவருடைய மகன் குரு கோபிந்த் சிங் 1699-ல் கால்சாவை உருவாக்கினார். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் அந்தச் சமூகம் இன்னும் உறுதியாக எழுந்தது.

இன்றும் தினசரிப் பிரார்த்தனையான 'அர்தாஸ்' இந்தத் தியாகிகளை நினைவுகூர்கிறது. ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் சிதைக்கப்பட்டவர்கள் என்று அவர்கள் பட்ட வேதனைகளை வரிசையாகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனை, எல்லோருக்கும் நன்மை வேண்டி முடிகிறது.

இது எளிதான காரியம் அல்ல. 1984 ஜூன் 3, குரு அர்ஜனின் தியாக நாள். அதற்காகப் பக்தர்கள் பொற்கோயிலில் கூடியிருந்த நேரத்தில்தான் ராணுவ நடவடிக்கை நடந்தது. உள்ளே இருந்த ஆயுதக் குழுவினரோடு பக்தர்களும் இறந்தார்கள். அகால் தக்த் பெரும் சேதமடைந்தது. அரசு ஏற்பாட்டில் அது சீரமைக்கப்பட்டதைச் சீக்கியர்கள் பலர் ஏற்கவில்லை. 1986-ல் அதை இடித்துவிட்டு, தங்கள் கைகளாலேயே சேவையாக மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஜூன் மாதத்தின் கோபமும் துக்கமும் இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் சபீல் நிற்கவில்லை. வாங்கிக் குடிப்பவருக்கு இந்த வரலாறு தெரியாமல் போகலாம். ஆனால் அங்கே டம்ளர் கழுவும் சிறுவன், எதற்காகக் கழுவுகிறோம் என்று ஒருநாள் கேட்பான். சுடுமணலின் கதையை அன்று அவனுக்குச் சொல்வார்கள்.